கைக்குழந்தைக்குப் பிரெஞ்சுப் பாடம்

என் திருமண அழைப்பிதழில் அச்சுப்பிழை ஒன்றுகூடக் கிடையாது. என் தந்தையார் தமிழ்ப் புலவர். வேலூரில் அச்சகத்துக்குள்ளேயே நாற்காலி போட்டு அமர்ந்து மும்முறை மெய்ப்புத் திருத்தியவர். அத்தகைய அழைப்பிதழில் தவறாக நின்றவை இரண்டே எழுத்துகள். என் பெயருக்குப் பின்னால் ‘பி.ஏ.’ என்று அச்சாகியிருந்தது. நான் அப்போது பி.ஏ. அல்லேன்.

பொய் சொல்லும் எண்ணம் எவருக்கும் இருந்ததில்லை. தேர்வுகளை எழுதி முடித்திருந்தேன். முடிவு வெளிவர இன்னும் பல வாரங்கள் இருந்தன. முகூர்த்தம் அதற்கு முன்பே அமைந்துவிட்டது. பெண்ணின் பெயருக்குப் பின்னால் பட்டத்தைச் சேர்க்கலாமா என்று அச்சகத்தார் கேட்க, தந்தையார் சேர்க்கலாம் என்றார். தேர்வில் தவறக்கூடிய மகள் ஒருத்தி தமக்கு வாய்த்திருக்கக்கூடும் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

நான் தவறிய பாடம் பிரெஞ்சு. தமிழ் கற்ற வீட்டுப் பெண் பிரெஞ்சு எடுத்ததற்குக் காரணமும் தந்தையாரே. இலக்கணமும் இலக்கியமும் வீட்டிலேயே கற்பித்தாயிற்று. கற்றதையே மறுபடி கற்பதற்குக் கல்லூரிக்குச் சம்பளம் கட்டுவானேன் என்பது அவர் வாதம். ஆகவே பெங்களூர்க் கண்டோன்மெண்டில் ஒரு மகளிர் கல்லூரியின் விடுதியில் தங்கிப் பிரெஞ்சு படித்தேன். எங்கள் ஆசிரியை நல்லவர், முதியவர், காது சற்றும் கேளாதவர். வகுப்பில் எல்லாமே கரும்பலகையில் நிகழ்ந்தது. அவர் எழுதுவார், நாங்கள் எழுதுவோம். மூன்றாண்டுகளில் அம்மொழியைப் படிக்கவும் எழுதவும் செவ்வையாகக் கற்றேன். அது எவ்வாறு ஒலிக்கும் என்பதை மட்டும் அறியேன். தேர்விலோ சொல்வதெழுதுதல் என்று ஒரு பகுதி இருந்தது; அதில் தனியே தேற வேண்டும். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் படிக்கத் தொடங்கியதும், தொலைவில் யாரோ வாய் கொப்புளிப்பதைப்போல் எனக்குக் கேட்டது. இரண்டு வரி எழுதிவிட்டுக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவு என் கணவரின் அலுவலக முகவரிக்குக் கடிதமாக வந்தது. தந்தையார் எழுதிய கடிதங்களிலேயே மிகச் சிறியது அதுவாகத்தான் இருக்கும்: பிரெஞ்சு நீங்கலாக யாவற்றிலும் தேர்ச்சி. என் கணவர் ஒரு தொழிற்சாலையில் வரைவாளர். கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து, அன்று மாலை என்னை அல்சூர் ஏரிக்கரைக்கு உலாவ அழைத்துச் சென்று காட்டினார். திருமணமாகி இரண்டு மாதம் நிறையவில்லை. அவர் சினக்கவில்லை. கணக்கில் தாமும் இருமுறை தவறியவர் என்ற செய்தியை அப்போதுதான் வெளியிட்டார்.

“அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம். திரும்ப எழுதிப் பாஸ் பண்ணிட்டு, அப்பறம் சிரிச்சிக்கிட்டே சொல்லிக்கலாம்,” என்றார்.

அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், அவ்வீட்டின் தலைவி. பெற்றோரை இழந்தபோது எட்டாம் வகுப்போடு தம் படிப்பை நிறுத்திக்கொண்டு செவிலியர் பயிற்சிக்குப் போய்த் தம்பியைப் படிக்கவைத்தவர். மணம் செய்துகொள்ளவில்லை. கண்டோன்மெண்டில் ஒரு பிரசவ மருத்துவமனையில் தலைமைச் செவிலியராக இருந்தார். நான் அவரை அண்ணி என்று அழைத்தேன். பட்டதாரிப் பெண்தான் வேண்டும் என்று தேடிப் பிடித்தவர் அவரே. அப்பட்டத்தில் அவருக்கிருந்த உரிமை என் உரிமையினும் பெரிது. திருமண வாழ்த்து மடலைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். மறுவாரமே ஆள் வைத்துப் பெயர்ப்பலகை எழுதி வாயிலில் அறைந்தார். அதில் அவர் பெயரும் தம்பி பெயரும் கறுப்பில் இருந்தன. என் பெயரும் பட்டமும் சிவப்பில் இருந்தன. ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் சிவப்பெழுத்து வேறெந்த வாயிலிலும் இல்லை.

திரும்ப எழுதுவது எண்ணியபடி எளிதாக இல்லை. அக்டோபர்த் தேர்வு வந்தபோது மசக்கை. மார்ச்சுத் தேர்வு வந்தபோது நிறைமாதம். சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு இரண்டு மாதம் ஆவதற்குள் அண்ணி ஒரு செய்தியோடு வந்தார். கண்டோன்மெண்டில் ஓரளவு பெயருள்ள பெண்மணிகளில் பெரும்பாலோர் அவருடைய வார்டில் பிள்ளை பெற்றவர்கள். அவர்களுள் ஒருவர் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. வரும் தையில் அப்பள்ளியில் தமிழாசிரியை இடம் ஒன்று ஒழிகிறது. அது எனக்கென்றே பேசி வைத்தாயிற்று. மார்கழி முடிவதற்குள் பட்டச் சான்றோடு விண்ணப்பித்தால் போதும்.

“சர்டிபிகேட்டு உங்கப்பா கிட்டதானே இருக்குது? எழுதிப் போட்டு வரவெச்சுக்கோம்மா,” என்றார்.

நான் தலையசைத்தேன். எஞ்சியிருந்தது ஐப்பசித் தேர்வு ஒன்றே. அதில் தவறினால் வேலையும் போகும், சிவப்பெழுத்தும் போகும். அவ்விரண்டினும் அண்ணியின் முகத்தை எவ்வாறு ஏறிட்டுப் பார்ப்பது என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

என் கணவர் தம்மால் இயன்றதைச் செய்தார். அக்காலத்தில் ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் வீட்டுப் பொருள்களை ஏலம் விடுவது வழக்கம். வரைபலகை வாங்கப் போனவர், ஒரு ஞாயிறு நண்பகலில் ஜட்காவில் கிராமபோன் பெட்டியோடும், பன்னிரண்டு இசைத்தட்டுகள் அடங்கிய மரப்பேழையோடும் வந்து இறங்கினார். தட்டுகள் முழுவதும் பிரெஞ்சுப் பாடங்கள். பேசத் தெரிந்தவர்கள் பேசியவை. கொண்டுவந்து சேர்க்கும் ஆர்வத்தில், வாயிலில் என்ன சொல்வது என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. வாயிலில் அண்ணி நின்றிருந்தார்.

“என்னடா இது?”

“பிரெஞ்சுப் பாடம், அக்கா.”

“யாருக்கு?”

என் கணவர் திண்ணையில் அமர்ந்திருந்த என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கே பார்ப்பதென்று அறியாமல் மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

“பாப்பாவுக்கு,” என்றார்.

அண்ணி சிரித்துவிடுவார், அச்சிரிப்பில் பேச்சு அமுங்கிவிடும், பிறகு பெட்டி ஒரு மூலையில் எனக்காகக் கிடக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஜட்காவருகே சென்று பேழையைத் திறந்து ஒரு தட்டை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிறந்த குழந்தைக்குக் கண்ணுக்கு முன்பே காது தெளிவடைகிறது. இருபதாண்டுகளாகத் தாம் நாள்தோறும் கண்டு வருவது அது. காதில் எது விழுகிறதோ அதுதான் பேச்சாகும். இதை யோசித்த தம்பிக்கு இத்தனை அறிவு இருக்குமென்று தாம் நினைத்ததில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு, நாளை காலை பத்தரைக்குத் தொடங்கலாம் என்றார்.

மறுநாளே அப்பாடம் எங்கள் கையை விட்டுப் போயிற்று. அண்ணி அதை மருந்து கொடுப்பதைப்போல் நடத்தினார். பணிமுறை மாறினால் பாட நேரமும் மாறும். ஒரு நாளும் தவறாது. குழந்தை குளித்துப் பாலருந்தி அரைமணி கழிந்திருக்க வேண்டும். கூடத்தில் பாய், பாயின் மேல் ரப்பர்த் துணி, அதன் மேல் குழந்தை. மூன்றடி தள்ளிக் கிராமபோன். பாடம் நடக்கும்போது தாய் கூடத்தில் இருக்கக் கூடாது.

“உன்னைப் பார்த்தா அதுக்குப் பால் ஞாபகம் வந்துடும். பாடம் ஏறாது. நீ உள்ள போய் வேலையப் பாரும்மா,” என்றார்.

அவர் பணிக்குப் போன பிறகு நானே தட்டுகளைப் போட்டுக் கேட்கலாமே என்று படிப்பவர்கள் எண்ணக்கூடும். அவ்வழியும் மூன்றாம் நாளே அடைபட்டது. கிராமபோனுக்குச் சாவி கொடுக்கும் கைப்பிடியை, வார்டு மருந்தலமாரியின் திறவுகோலோடு சேர்த்துச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணி மருத்துவமனைக்குப் போனார். அளவுக்கு மேல் கேட்டால் குழந்தையின் காது நரம்பு களைத்துவிடும் என்பது அவர் கருத்து.

ஆகவே நான் அடுக்களையில் நின்று படித்தேன். அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையிலிருந்த சுவரில், காற்றோட்டத்துக்காக ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நான்கு துளைகள் விட்டிருந்தனர். உட்காரும் மணையைச் சுவரோரமாகப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றால் துளை காதுக்கு நேராக வரும். ஒரு கையில் குறிப்பேடு, மறுகையில் பென்சில். குறிப்பேடு மற்ற வேளைகளில் உளுந்து டப்பாவுக்குள் இருந்தது. இதில் இடர் ஒன்றே. நான் அம்மியில் அரைத்துக்கொண்டிருப்பதாகப் பேர். பாடம் தொடங்கியதும் அம்மி ஓய்ந்துவிடும். சில நாள் பொறுத்துப் பார்த்த அண்ணி, தினமும் பாட நேரத்தில் அரைக்கும் சத்தம் நின்றுவிடுகிறதே, உடம்புக்கு என்ன என்று கேட்டார். பாடத்துக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று நிறுத்திவிடுகிறேன் என்றேன். என் பொறுப்புணர்ச்சியை அவர் வார்டில் பாராட்டிப் பேசியதாகப் பின்னர் அறிந்தேன்.

வார்டுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எங்கள் குழந்தை பிரெஞ்சு படிக்கும் செய்தி ஆயாக்கள் வரை பரவியிருந்தது. கீரை விற்கும் பெண்மணிகூட ஒருநாள் கூடையை இறக்காமலே நின்று கேட்டுவிட்டு, “உங்க ஊட்ல தொரை யாரோ வந்து உக்காந்துக்கினு சண்டை போடறாரே, என்னம்மா, கடன் பாக்கியா?” என்றாள்.

அவள் குறிப்பிட்டது ஆறாம் பாடம். அதில் ஒரு பெரிய மனிதர் புகைவண்டி நிலையத்தில் இறங்கித் தம் பெட்டியைக் காணாமல் சுமைக்காரரோடு வாதிடுவார். ஒன்பதாம் பாடத்தில் அவரே உணவு விடுதியில் அமர்ந்து சூப்பு ஆறிவிட்டது என்று குறை சொல்வார். பன்னிரண்டு தட்டுகளிலும் அம்மனிதருக்கு ஒரு நன்மையும் விளையவில்லை.

குழந்தையின் முன்னேற்றத்தை அண்ணி ஓர் அட்டையில் எழுதிவந்தார். வார்டில் காய்ச்சல் அளவு குறிக்கும் அட்டைதான் அது; கட்டங்கள் தயாராக இருந்தன. அவருக்கு மிகைபடக் கூறும் வழக்கம் இல்லாமையால் அதில் கண்டவை யாவும் உண்மை. ‘பாடம் 3: நான்கு நிமிடம் விழிப்பு, பிறகு தூக்கம். பாடம் 5: விக்கல். பாடம் 6, இரண்டாம் பக்கம்: மலம் கழித்தது, நிறம் இயல்பு.’ ஆவணி பிறந்தபோது பெரும்பாலான கட்டங்களில் தூக்கம் என்றே இருந்தது. பெட்டி இழந்த மனிதர் வாய் திறந்ததும் குழந்தை கண்ணை மூடிவிடும். கேட்டதை உள்ளே இருத்திக்கொள்வதற்கு மூளை எடுத்துக்கொள்ளும் ஓய்வு அது என்று அண்ணி விளக்கினார்.

சுவருக்கு இப்பால் முன்னேற்றம் இதனினும் சற்று மேலாக இருந்தது. கொப்புளிப்பாகக் கேட்டது மெல்ல மெல்லச் சொற்களாகப் பிரிந்தது. புரட்டாசி வாக்கில் பத்துச் சொல்லுக்கு ஆறு சொல் பிடிபட்டது. தேற எட்டுச் சொல்லாவது வேண்டும். இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. போதும் என்றுதான் நினைத்தேன்.

அப்போது ஆயுதபூசை வந்தது. பெங்களூரில் ஆயுதபூசை எப்படி நடக்கும் என்பதை இங்கு வாழ்ந்தவர் அறிவர். மாலையும் சந்தனமும் பெறாத கருவி ஒன்று அன்று ஊரில் இராது. என் கணவர் தம் வரைகருவிகளை வைத்தார். அண்ணி கத்தரி, வெப்பமானி, ஊசிக்குழல் ஆகியவற்றைத் துடைத்து அடுக்கினார். நடுவில் கிராமபோனும் பேழையும் இடம்பெற்றன. குழந்தையின் கல்வி தொடர்பான பொருளாயிற்றே. நான் தடை சொல்ல முடியுமா? நான் பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்த நேரத்தில், அண்ணி பன்னிரண்டு தட்டுகளையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றின் இரு பக்கத்திலும், நாற்புறமும், கெட்டியாக அரைத்த சந்தனத்தை வைத்து, அதன் நடுவில் குங்குமமும் இட்டார். கதவுக்கும் நிலைக்கும் வைப்பதுபோல அழுத்தமாக வைத்தார். அன்று அக்கருவிகளைப் பயன்படுத்துதல் கூடாது ஆகையால் பிழை உடனே வெளிப்படவில்லை. சந்தனம் நன்றாக உலர்ந்தது.

விசயதசமியன்று முதற்பாடத்தைப் புதிதாகத் தொடங்குவது நல்லதென்று அண்ணி சாவி கொடுத்தார். பெரிய மனிதர் வணக்கம் சொன்னார். மறுபடி வணக்கம் சொன்னார். சந்தனப் பொட்டு வரும்போதெல்லாம் ஊசி எகிறிப் பழைய இடத்திலேயே வந்து விழுந்தது. பதினோராவது வணக்கத்தின்போது நான் அடுக்களையில் மணையிலிருந்து இறங்கிவிட்டேன்.

அத்துடன் நின்றிருந்தாலும் ஈரத்துணியால் துடைத்துத் தட்டுகளைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் அண்ணி செவிலியர். ஒரு கருவியில் ஏதேனும் ஒட்டிக்கொண்டால் அதை எவ்வாறு தூய்மை செய்வது என்பதற்கு அவருக்கு ஒரே விடைதான் உண்டு. நான் கொல்லையில் குழந்தையின் துணிகளை உலர்த்திவிட்டுத் திரும்புவதற்குள், அண்டாவில் கொதித்த நீரில் பன்னிரண்டு தட்டுகளையும் முறையாக ஐந்து நிமிடம் மூழ்கவைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியின்மேல் பரப்பிக்கொண்டிருந்தார். தட்டுகள் எண்ணெயிலிட்ட அப்பளம்போல் நெளிந்திருந்தன. சந்தனம் என்னவோ முற்றும் போயிருந்தது.

தேர்வுக்கு மூன்று வாரம். அன்றிரவு என் கணவர், பேசாமல் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றார். சொல்வதானால் தேறிவிட்டுச் சொல்கிறேன், தவறிவிட்டு எப்படிச் சொல்வது என்றேன். ஆறு சொல்லோடு தேர்வுக்குப் போவதா, போகாமலேயே இருந்துவிடுவதா என்பதே என் கவலை. அண்ணியின் கவலை வேறு. ஒரு குழந்தையின் கல்வியைத் தம் கையாலேயே வேகவைத்துவிட்டோம் என்று அவர் இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை.

மூன்றாம் நாள் பத்தரை மணிக்கு வழக்கம்போல் பாய் விரிக்கும் ஓசை கேட்டது. ரப்பர்த் துணி உதறும் ஓசை கேட்டது. பிறகு கூடத்திலிருந்து முதற்பாடம் தொடங்கிற்று.

தட்டுத்தான் எப்படியோ பிழைத்துவிட்டதென்று எண்ணி மணைமேல் ஏறித் துளைவழியே எட்டிப் பார்த்தேன். அண்ணி பாயருகே சம்மணமிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பாடத்துக்குப் பாடம் பெரிய மனிதராகவும் சுமைக்காரராகவும் விடுதிப் பெண்ணாகவும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். ஆணுக்குத் தடித்த குரல். பெண்ணுக்கு மெல்லிய குரல். நான்கு மாதமாகப் பக்கத்தில் அமர்ந்து சாவி கொடுத்தவர் அல்லவா? ஒரு சொல்லுக்கும் பொருள் அறியாமல் பன்னிரண்டு தட்டுகளின் இருபத்துநான்கு பக்கங்களும் அவருக்கு மனப்பாடமாகியிருந்தன. பக்கம் முடியும் இடத்தில் நிறுத்தி, காற்றில் கையைச் சுழற்றிச் சாவி கொடுத்துவிட்டே அடுத்த பக்கத்துக்குப் போனார். குழந்தை தன் வழக்கப்படி உறங்கிவிட்டது.

எனக்கு அது எத்தகைய வரம் என்பதை நான் உடனே உணரவில்லை. பாதிப் பாடத்தில் உணர்ந்தேன். தட்டு நிற்காமல் ஓடும். அண்ணி மூச்சு விடுவார். மூச்சு விடும் இடத்தில் நான் எழுதி முடித்துவிடுவேன். அவருடைய பிரெஞ்சில் அவர் பிறந்த ஆர்க்காட்டு மண் சற்றுக் கலந்திருந்தது உண்மை. எனினும் ஒலிகள் ஒன்றும் விடுபடவில்லை. ஒரே வாரத்தில் ஆறு சொல் எட்டாயிற்று.

இரண்டாம் வாரத்தின் நடுவில் ஒருநாள். ஒன்பதாம் பாடம், உணவு விடுதி. சூப்பு ஆறிவிட்ட வாக்கியம் நீளமானது. அதன் பாதியில் அண்ணிக்குத் தொண்டை வறண்டது போலும். வாக்கியத்தை விட்டுவிடாமல் சொல்லிக்கொண்டே தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் வந்துவிட்டார். நான் மணைமேல் நின்று எழுதிக்கொண்டிருந்தேன். குரல் துளைவழியே வராமல் முதுகுக்குப் பின்னால் வருகிறதே என்று திரும்பினேன். அவர் வாக்கியத்தை முடித்தார். முடித்த பிறகுதான் கேட்டார்.

“என்னம்மா எழுதற?”

“நீங்க சொன்னதுதான், அண்ணி.”

குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கு அதைப் படிக்க இயலாது. எனினும் பக்கம் பக்கமாகத் திருப்பினார். தாம் பேசியவை யாவும் எழுத்தாகி நிற்பதை விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

“பட்டம் வாங்கினவளுக்கு இது எதுக்கு?”

நான் மணையிலிருந்து இறங்கினேன். மேலே நிற்கும்வரை பொய் சொல்ல முடியும்போல் இருந்தது. இறங்கிய பின் முடியவில்லை. ஒரே ஒரு பாடத்தில் தவறியதையும், முடிவு வருமுன் அச்சானதையும், ஏலத்தையும், குழந்தைக்கு என்று சொன்னதையும் வரிசையாகச் சொன்னேன். அவர் கேட்டு முடித்துத் தண்ணீரைக் குடித்தார்.

“வார்டு பூரா சொல்லி வெச்சிருக்கேன். டாக்டரம்மா கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்,” என்றார். குறிப்பேட்டை என்னிடம் நீட்டினார்.

“நாலு மாசமா இந்தச் செவுத்துக்குப் பின்னாலயா நின்னுக்கினு இருந்த?”

“ஆமா, அண்ணி.”

“பிள்ளை பெத்த ஒடம்பு. மொதல்லயே சொல்லியிருந்தா பாய்ல உக்காந்து கேட்டிருக்கலாம். நானும் அந்தத் தட்டுக்குப் பக்கத்துல சந்தனத்தக் கொண்டாந்திருக்க மாட்டேன். கொழந்தை பொருள்னுதானே பொட்டு வெச்சேன். உம் பொருள்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பனா?”

வாயிலில் இருக்கும் பலகையைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன். சும்மா இரு என்றார்.

“இப்பக் கழட்டினா தெருவே வந்து ஏன்னு கேக்கும். அது அங்கயே இருக்கட்டும். நீ போய் அதுக்குத் தகுந்த மாதிரி ஆயிட்டு வா.”

பிறகு கூடத்துக்குச் சென்று, உறங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பாயிலிருந்து தூக்கித் தூளியில் இட்டார். ரப்பர்த் துணியை எடுத்துவிட்டுப் பாயைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். மாலையில் என் கணவர் வந்தபோது நான் பாயில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணி பெட்டியைத் தொலைத்துக்கொண்டிருந்தார். நிலைமை அறியாத என் கணவர் பழைய நாடகத்தையே தொடர எண்ணி, பாப்பாவுக்குப் பாடம் எப்படிப் போகிறது என்று கேட்டுவைத்தார்.

“அதுக்கு லீவு,” என்றார் அண்ணி, திரும்பாமலே. “உனக்கு இருக்குது. கை கால் கழுவிக்கினு வா.”

எஞ்சிய ஒரு வாரமும் நான் பட்ட பாடு தனி. முன்பு குழந்தைக்கிருந்த விதிகள் அனைத்தும் எனக்கு வந்தன. குளித்து, உண்டு, அரைமணி கழிந்தபின் பாடம். நான் தயங்கும் இடங்களை அட்டையில் குறித்தார். ஒருநாள் கண்ணயர்ந்துவிட்டேன், அதையும் குறித்தார்.

தேர்வு நாளில் அண்ணி விடுப்பெடுத்துக்கொண்டு குழந்தையோடு உடன் வந்தார். தேர்வாளர் வயது முதிர்ந்த கன்னியாஸ்திரீ ஒருவர்; பிரெஞ்சு நாட்டிலேயே பிறந்தவராம். அவர் முதல் வாக்கியத்தைப் படித்தார். அவருடைய பிரெஞ்சு எனக்குப் பழக்கமில்லாத பிரெஞ்சாக இருந்தது. இரண்டாம் முறை படிக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, அதே வாக்கியத்தை அண்ணி சொன்னால் எவ்வாறு சொல்வார் என்று கேட்டுப் பார்த்தேன். சொற்கள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன. மூன்றாம் வாக்கியத்திலிருந்து அம்முதியவர் படிக்கப் படிக்க, நான் உள்ளுக்குள் அவரை ஆர்க்காட்டு வழக்குக்கு மாற்றிக்கொண்டே எழுதினேன். வெளியே வந்தபோது அண்ணி சன்னலுக்கு நேரே மரத்தடியில் நின்றிருந்தார். குழந்தை அவர் தோளில் உறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அந்த அம்மையார் குரல் எழுந்ததுமே கண்ணை மூடிவிட்டதென்றும், ஆகவே பாடம் சரியாகத்தான் நடந்திருக்கிறதென்று தாம் தெரிந்துகொண்டதாகவும் சொன்னார்.

முடிவு மார்கழி நடுவில் வந்தது. தேறியிருந்தேன். மதிப்பெண் பட்டியலும் அடுத்தே வர, உரிய நாளுக்குள் பள்ளிக்கு விண்ணப்பம் அனுப்பினோம். முடிவு வந்த அன்று அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு போய், இரண்டு வீசை மைசூர்ப்பாகு வாங்கிக்கொண்டு நேரே வார்டுக்குப் போனார். போகட்டும் என்று விட்டுவிட்டு அரைமணி கழிந்த பிறகுதான் எனக்கும் என் கணவருக்கும் ஒரே நேரத்தில் அச்சம் தட்டியது. வார்டைப் பொறுத்தவரை நான் பட்டம் பெற்று ஒன்றரை ஆண்டாகிறது. இப்போது பெற்றேன் என்று சொன்னால் அப்போது பெறவில்லை என்றாகும்.

மாலையில் வெறுந்தட்டோடு திரும்பினார். அவர் முகத்தில் குறை ஏதும் தெரியவில்லை. என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று என் கணவர் கேட்டார்.

“என்ன விசேஷம்னு எல்லாரும் கேட்டாங்க. வாயத் தொறந்தப்பறம்தான் வெஷயமே ஒறைச்சுது. பாப்பா பிரெஞ்சு பாஸ் பண்ணிடுச்சின்னு சொல்லிட்டேன்.”

“நம்பினாங்களா?”

“ஏன் நம்பாம? நாலு மாசமா கேட்டுக்கினு இருக்காங்களே. டாக்டரம்மா மட்டும் மார்க்கு எவ்வளவுன்னு கேட்டாங்க. பொய் எதுக்குன்னு நாப்பத்திரெண்டுன்னேன். எட்டு மாசக் கொழந்தைக்கு அது ஜாஸ்தின்னு சொல்லிட்டு, இன்னொரு துண்டு எடுத்துக்கிட்டாங்க.”